மெகாமேன் பேட்டில் நெட்வொர்க்: 30 சிப், 18 கட்டம்

சண்டை முடிஞ்சா அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தா லெவல், லெவல் ஏறினா அடுத்த ஊர் எதிரியைச் சுலபமா அடிக்கலாம். ஆர்.பி.ஜி வகை விளையாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். "மெகாமேன் பேட்டில் நெட்வொர்க்" இந்த ஏற்பாட்டையே தூக்கிட்டுது. இதுல சண்டை முடிஞ்சா கிடைக்கிறது கொஞ்சம் காசு, இல்லேன்னா ஒரே ஒரு சிப், அதாவது சண்டையில பயன்படுத்துற ஒரு ஆயுதம். எதிரியா வர்ற எத்தனை வைரஸை அடிச்சுத் தள்ளினாலும் அதனால மட்டும் மெகாமேன் பலசாலி ஆகிடமாட்டான். சேர்த்து வெச்ச சிப்புகள்ல எந்த 30-ஐ எடுத்து அடுக்கியிருக்கீங்களோ, அதுதான் அவனோட பலம். முதல் சில அத்தியாயங்களைத் தாண்டியிருக்கேன். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைப் பத்தி நீளமா எழுதணும்னு தோணிச்சு.

முதல்ல விவரம் சொல்லிடுறேன். காப்காம் தயாரிச்ச விளையாட்டு இது. 2001 மார்ச் 21-ம் தேதி ஜப்பான்ல வெளியாச்சு. அன்னைக்குத்தான் நிண்டெண்டோவோட கேம்பாய் அட்வான்ஸ் கருவியும் அங்க விற்பனைக்கு வந்தது. கருவியோடவே கடைக்கு வந்த விளையாட்டுகள்ல இதுவும் ஒண்ணு. ஜப்பான்ல இதுக்குப் பேர் "ராக்மேன் எக்ஸே". அந்த வருஷக் கடைசியில அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போச்சு. அப்புறம் 2005-க்குள்ள ஜப்பான்ல மொத்தம் ஆறு பாகம் வந்துடுச்சு. மூணாவது பாகத்துல இருந்து ஒவ்வொண்ணும் ரெண்டு பதிப்பா வந்ததால, எண்ணினா 10 விளையாட்டு. அந்தப் பத்தையும் ரெண்டு தொகுப்பாக்கி, 2023 ஏப்ரல்ல ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, ஸ்டீம்னு காப்காம் திரும்பக் கொண்டுவந்தாங்க. நான் விளையாடுறது ஸ்விட்ச்ல, முதல் தொகுப்புல இருக்கிற முதல் பாகம். டிவியில இணைக்கிறதில்ல, கையில வெச்சுத்தான். 240-க்கு 160 புள்ளி இருந்த ஒரு சின்னத் திரைக்காக வரைஞ்ச படங்கள் இதெல்லாம். அந்த அளவுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கும்போதுதான் கண்ணுக்கு நிறைவா இருக்கு. நம்ம ஊர்ல கேம்பாய் அட்வான்ஸ் வெச்சிருந்தவங்க ரொம்பக் குறைவு. அதனால என் வயசுக்காரங்க பலருக்கு இது தாமதமா வந்து சேர்ந்த தொடர்தான்.

மெகாமேன்னு சொன்னதும் ஞாபகம் வர்றது 1987-ல தொடங்கின பழைய தொடர். இடதுல இருந்து வலதுக்கு ஓடணும், குதிக்கணும், சுடணும். ஒரு பாஸை வீழ்த்தினா அவனோட ஆயுதம் நமக்கு. இந்த விளையாட்டு அந்தக் குடும்பத்துப் பேர்களை மட்டும் எடுத்துக்கிட்டு, உலகத்தை முழுசா மாத்தி எழுதியிருக்கு. பழைய தொடர்ல ரோபோ அறிவியல் ஜெயிச்சிருக்கும். இங்க ஜெயிச்சது நெட்வொர்க். ரோபோ செய்ய வேண்டியதையெல்லாம் இணையத்துல வாழுற நிரல்கள் செய்யுது. தயாரிப்பாளர் கெய்ஜி இனாஃபுனே, முதல் மெகாமேன் காலத்துல இருந்தே அந்தத் தொடரோட ஓவியரா இருந்தவர். பழைய பேரைக் கையில வெச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் விலகிப்போக ஒரு தைரியம் வேணும்.

கதாநாயகன் லேன் ஹிகாரி, ஏசிடிசி டவுன்ல இருக்கிற அஞ்சாம் வகுப்புப் பையன். கையில பெட்னு ஒரு கருவி. கையடக்கக் கணினியும் தொலைபேசியும் அஞ்சல்பெட்டியும் ஒண்ணா சேர்ந்தது. அதுக்குள்ள வாழுற துணைதான் மெகாமேன். இந்தத் துணைகளுக்கு நெட்நேவின்னு பேர். ஊர்ல எல்லார் கையிலயும் ஒரு பெட், எல்லார்கிட்டயும் ஒரு நேவி. லேனோட தோழி மெயில்கிட்ட ரோல், டெக்ஸ்கிட்ட கட்ஸ்மேன், பணக்கார வீட்டுப் பொண்ணு யாய்கிட்ட கிளைட். காலையில லேனைத் தட்டி எழுப்புறது மெகாமேன், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு விரட்டுறது மெகாமேன், வீட்டுப்பாடத்தை ஞாபகப்படுத்துறதும் அவன்தான். எல் பொத்தானை அழுத்தினா எந்த நேரத்துலயும் ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. அடுத்து எங்க போகணும்னு தெரியலேன்னா அதுதான் வழிகாட்டி. நான் தேவையில்லாத நேரத்துலயும் அதை அழுத்திக்கிட்டே இருக்கேன், அந்தப் பேச்சுல இருக்கிற ஒட்டுதலுக்காக. ஒருத்தன் வெளியே நின்னு உத்தரவு போடுற எஜமான், இன்னொருத்தன் உள்ளே அடி வாங்குற வேலையாள்னு எங்கேயும் எழுதல. அண்ணன் தம்பி மாதிரி ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கிறாங்க, கவலைப்படுறாங்க.

எந்தக் கருவியில இணைப்புத் துளை இருக்கோ அதுக்குள்ள மெகாமேனை அனுப்பலாம். பள்ளிக்கூடக் கரும்பலகைக்குள்ள போகலாம், அடுப்புக்குள்ளயும் போகலாம். கதையே அடுப்புலதான் தொடங்குது. ஊர்ல அங்கங்க அடுப்புகள் தானா தீப்பிடிச்சு எரியுதுன்னு செய்தி வருது. அப்புறம் பழுது பார்க்கிறவன் வேஷத்துல லேன் வீட்டுக்கே ஒருத்தன் வந்துட்டுப் போறான். வேர்ல்ட் த்ரீங்கிற கூட்டத்தோட ஆள் அவன். பேர் மிஸ்டர் மேட்ச். அவனோட நேவி ஃபயர்மேன் அடுப்புக்குள்ள உட்கார்ந்து நெருப்பை ஊதிவிட்டுக்கிட்டு இருக்கான். சமையலறையில நிஜமான தீ, அடுப்போட கணினிக்குள்ள ஃபயர்மேன். லேன் வெளியே நிற்க, மெகாமேன் உள்ளே போய் அவனோட மோதணும்.

2001-ல இதை விளையாடின சிறுவர்களுக்கு இது அழகான கற்பனையா இருந்திருக்கும். இன்னைக்கு நமக்கு அப்படித் தோணாது. 2016 அக்டோபர்ல மிராய்ங்கிற தீநிரல் வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கூட்டம் கூட்டமா பிடிச்சு, டைன்ங்கிற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தைத் தாக்கிச்சு. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி தளங்களே பல பேருக்குத் திறக்கல. வீட்டுச் சாமான் ஒவ்வொண்ணையும் இணையத்துல கோத்துட்டா எவன் எந்த வழியா உள்ளே வருவான்ங்கிற கேள்விதான் இந்த விளையாட்டோட ஒவ்வொரு அத்தியாயமும். அடுப்புக்கு அப்புறம் பள்ளிக்கூடம். அப்புறம் ஊரோட குடிநீர் நிலையம். குழாய்ல தண்ணி வராம ஊரே தவிக்குது. அங்க ஐஸ்மேனை வெச்சு நீரைத் தடுக்கிற ஃப்ராய்டு கெட்டவன் கிடையாது. அவர் மகனை வேர்ல்ட் த்ரீ கடத்தி வெச்சிருக்கு, வேற வழி இல்லாம செய்யுறார். சின்னப் பசங்களுக்கான கதையில இப்படி ஒரு அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியது எனக்கு ரொம்பப் பிடிச்சது. நான் இப்போ நிற்கிறது அதுக்கு அடுத்த இடம், டென்டவுன். அங்க போக்குவரத்து விளக்குகள் பைத்தியம் பிடிச்சு எரியுது. அடுப்பு, தண்ணி, சாலைன்னு ஒரு ஊர் எதை நம்பி நடக்குதோ அதையெல்லாம் ஒவ்வொண்ணா தொடுறாங்க.

இனி சண்டைக்கு வர்றேன். இந்த விளையாட்டோட உயிர் அங்கதான் இருக்கு.

களம் 18 கட்டம். நமக்கு மூணுக்கு மூணுன்னு ஒன்பது, எதிரிக்கு ஒன்பது. நம்ம பக்கம் சிவப்பு, அவங்க பக்கம் நீலம். அவங்க கட்டத்துல நாம கால் வைக்க முடியாது, அவங்களும் நம்ம பக்கம் சாதாரணமா வரமாட்டாங்க. முறை வெச்சு அடிக்கிற சண்டை இல்ல இது. எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். மெகாமேன் கட்டம் கட்டமா தாவுறான், எதிரிகளும் தாவுறாங்க. கையில பஸ்டர் துப்பாக்கி எப்பவும் உண்டு, ஆனா தொடக்கத்துல ஒரு குண்டுக்கு ஒரே ஒரு புள்ளி சேதம்தான். ஆரம்ப வைரஸான மெட்டாருக்கே 40 எச்பி, அதாவது உயிர்ப் புள்ளி. பஸ்டரை மட்டும் நம்பினா விரல் வலிக்கும். சிப் எடுத்தாகணும்.

சண்டை தொடங்கும்போதே காலம் உறைஞ்சு நிற்க, உங்க ஃபோல்டர்ல இருக்கிற 30 சிப்புல அஞ்சு கலைஞ்சு வந்து முன்னாடி விழும். அதுல தேர்ந்தெடுக்கிறதை மட்டும் தலைக்கு மேல அடுக்கிக்கிட்டு மெகாமேன் களத்துல இறங்குவான். எடுத்த வரிசையிலதான் சுட முடியும். மேல ஒரு பட்டை மெதுவா நிறையும். அது நிறைஞ்சதும் எல் இல்லேன்னா ஆர் பொத்தானை அழுத்தினா மறுபடி காலம் நிற்கும், அடுத்த சிப்புகள் வரும். சுடாம மிச்சம் வெச்சிருந்தது அதோட போச்சு. ஒரு சண்டையில சுட்ட சிப் அந்தச் சண்டைக்குத் திரும்ப வராது. அடுத்த சண்டையில 30-ம் முழுசா இருக்கும்.

ஒரு சண்டையை மட்டும் பக்கத்துல வெச்சுச் சொல்றேன். எதிர்ல மூணு மெட்டார். மஞ்சள் தலைக்கவசம், கையில ஒரு குந்தாலி. நீங்க எந்த வரிசையில நிற்கிறீங்களோ அந்த வரிசைக்கு ஒவ்வொருத்தனா நகர்ந்து வந்து குந்தாலியைத் தரையில இறக்குவான். தரையில ஓர் அதிர்வலை கிளம்பி அந்த வரிசை நெடுக உங்க பக்கம் ஓடிவரும். மூணு பேரும் ஒரே நேரத்துல அடிக்கமாட்டாங்க. ஒருத்தன் முடிச்சப்புறம்தான் அடுத்தவன். இதைக் கவனிச்சுட்டீங்கன்னா சண்டை உங்க கையில. குந்தாலி தூக்குற வரைக்கும் அவனுக்கு நேரா நின்னு, அலை கிளம்பினதும் ஒரு கட்டம் மேல தாவி, அங்கிருந்து கேனன் சிப்பைச் சுட்டா அந்த வரிசையில நிற்கிறவன் காலி. கேனன் சேதம் 40, மெட்டார் எச்பி 40. இந்தக் கணக்கு தற்செயலா அமைஞ்சது இல்ல. விளையாட்டு நமக்கு முதல் பாடத்தை ஒரு வார்த்தை பேசாம நடத்துற விதம் அது. ரெண்டு எதிரி முன்னும் பின்னுமா ஒட்டி நின்னா ஷாட்கன் எடுக்கலாம், அது பட்டவனுக்குப் பின்னால இருக்கிற கட்டத்தையும் சேர்த்துத் தாக்கும். மினிபாம் மூணு கட்டம் தாண்டிப் போய் விழும். வாளுக்கு 80 சேதம், ஆனா நேர் முன்னால ஒரே கட்டம்தான் எட்டும். அகல வாள் மேலும் கீழுமா மூணு கட்டத்தை வெட்டும், நீள வாள் முன்னால ரெண்டு கட்டம் போகும். எல்லாத்துக்கும் நீங்க எங்க நிற்கிறீங்கங்கிறது முக்கியம். சிப்போட எண்ணை மட்டும் பார்த்து வாங்கினா பிரயோஜனம் இல்லை.

இப்போ எழுத்து விஷயம். ஒவ்வொரு சிப்பு மேலயும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். கேனன் ஏ, கேனன் பி, வாள் எல், ரெக்கவர் 10 எல், இப்படி. ஒரே தடவையில பல சிப் எடுக்கணும்னா ஒண்ணு பேர் ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா எழுத்து ஒண்ணா இருக்கணும். கேனன் ஏயும் கேனன் பியும் சேர்த்து எடுக்கலாம். வாள் எல்லும் ரெக்கவர் 10 எல்லும் சேர்த்து எடுக்கலாம். பேரும் வேற, எழுத்தும் வேறன்னா ஒண்ணோட நிறுத்திக்கணும். ரம்மி ஆடினவங்களுக்கு இது உடனே பிடிபட்டுடும். ஒரே எண்ணா சேர்க்கிறதா, ஒரே பூவுல வரிசையா சேர்க்கிறதாங்கிற அதே யோசனை. கையில வந்த அஞ்சும் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டலேன்னா எதையும் எடுக்காம ஆட் பொத்தானை அழுத்தலாம். அந்தச் சுற்று முழுக்க வெறும் பஸ்டரோட தாவித் தாவி உயிரைக் காப்பாத்திக்கணும், அடுத்த சுற்றுல 10 சிப் முன்னாடி விழும். கொடுத்த கைக்கு வாங்கிக்கிற இந்தப் பேரம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எடுக்கிறதா, விடுறதான்னு பாஸ் சண்டையில ஒவ்வொரு தடவையும் மனசு அடிச்சுக்குது.

இந்த ஒரே விதியால, சண்டைக்கு வெளியே ஃபோல்டரைக் கட்டுறது தனி விளையாட்டாவே ஆகிடுது. ஒரு நல்ல சிப் கிடைச்சதும் உள்ளே போட்டுட முடியாது. அதோட எழுத்து என் ஃபோல்டர்ல இருக்கிற மத்ததோட ஒட்டுமா? ஒட்டாத பெரிய சிப்பை விட ஒட்டுற சின்ன சிப் ரெண்டு மேல். முதல் பாகத்துல ஒரே சிப்பை 10 வரைக்கும் வெச்சுக்கலாம்ங்கிறதால, எழுத்தை மறந்துட்டு பேரை மட்டும் நம்பி அடுக்கலாம்னு ஒரு வழி. ரெண்டு மூணு எழுத்துக்குள்ள எல்லாத்தையும் சுருக்கி, எந்த அஞ்சு வந்தாலும் குறைஞ்சது மூணு ஒட்டும்னு அடுக்குறது இன்னொரு வழி. நான் ரெண்டாவது வழியில போய்க்கிட்டு இருக்கேன். ராத்திரி படுத்தப்புறமும் அந்த ஒரு கே எழுத்து சிப்பை எடுத்துட்டு எதைப் போடலாம்னு மனசு ஓடுது. ஒரு விளையாட்டு அணைச்சு வெச்சப்புறமும் நம்மோட வர்றதுன்னா அது இதுதான்.

இதுல ஒளிஞ்சிருக்கிற இன்னொரு அழகு, ப்ரோகிராம் அட்வான்ஸ். குறிப்பிட்ட சில சிப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில எடுத்தா அவை கலந்து ஒரு பெரிய தாக்குதலா மாறும். கேனன் ஏ, பி, சின்னு வரிசையா மூணையும் எடுத்துப் பாருங்க. திரையில மூணும் ஒண்ணாகி, கொஞ்ச நொடிகளுக்கு எந்த அடியும் மெகாமேன் மேல படாம, இஷ்டத்துக்குக் கேனனைச் சுட்டுத்தள்ளலாம். தொடக்கத்துலயே கையில இருக்கிற சாதாரணச் சிப்புக்குள்ள இவ்வளவு வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் எந்த மூணு சிப்பைப் பார்த்தாலும் இதுக்குள்ள ஏதாவது இருக்குமோன்னு கண்ணு தேடுது.

சிப் எப்படிச் சேருதுங்கிறதும் யோசிச்சு செஞ்ச விஷயம். சண்டை முடிஞ்சதும் எவ்வளவு வேகமா முடிச்சீங்க, எத்தனை அடி வாங்கினீங்கன்னு பார்த்து மதிப்பெண் போடுவாங்க. 1-ல இருந்து 10 வரைக்கும், அதுக்கும் மேல எஸ். மதிப்பெண் உயர உயர அந்த வைரஸோட நல்ல சிப் கிடைக்கும். மோசமா ஆடினா வெறும் காசு. சும்மா நேரத்தைக் கொட்டி அரைச்சு அரைச்சுப் பலம் சேர்க்கிற பழைய பழக்கத்துக்கு இங்க பலன் குறைவு. நல்லா ஆடுறவனுக்குத்தான் நல்ல சிப். வேண்டாத சிப்புகளை மூணு மூணா இயந்திரத்துல போட்டா அதுக்குப் பதிலா ஒண்ணு துப்பும், என்ன வரும்னு சொல்ல முடியாது. அந்த இயந்திரம் இருக்கிறது ஹிக்ஸ்பியோட சிப் கடையில. ஹிக்ஸ்பி யாருன்னா, பள்ளிக்கூட அத்தியாயத்துல வாத்தியாரா வந்து பசங்களை அடைச்சு வெச்ச ஆள். அரிய சிப்புகள் மேல இருந்த வெறியில வேர்ல்ட் த்ரீயோட சேர்ந்தவர், தோத்தப்புறம் மனசு மாறி ஊருக்குள்ள கடை வெச்சுட்டார். சிப் சேர்க்கிற ஆசையை மையமா வெச்ச விளையாட்டுல, அந்த ஆசை முத்திப்போன மனுஷனை ஒரு கதாபாத்திரமாவே கொண்டுவந்தது சரியான தேர்வு.

சண்டை முடிஞ்சதும் எச்பி முழுசா திரும்பிடும், இதுவும் முதல் பாகத்தோட தனிக்குணம். அடுத்தடுத்த பாகங்கள்ல இப்படி இல்ல. மருந்து பாட்டில் சேமிக்கிற வேலை இல்லாததால ஒவ்வொரு சண்டையும் தனித்தனிப் புதிரா நிற்குது. அதுக்கு ஈடா இன்னொரு பக்கம் இறுக்கிட்டாங்க. அதுக்குன்னு உள்ள எஸ்கேப் சிப் கையில வந்தா ஒழிய சண்டையில இருந்து ஓட முடியாது. மாட்டினா முடிச்சுட்டுத்தான் போகணும்.

தீ, நீர், மின்சாரம், மரம்னு நாலு குணமும் உண்டு. நீர் தீயை, தீ மரத்தை, மரம் மின்சாரத்தை, மின்சாரம் நீரைத் தாக்கினா ரெட்டைச் சேதம். ஃபயர்மேன் முன்னால போறதுக்கு முன்னாடி கையில நீர்ச் சிப் இருந்தா நிம்மதி. இதைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, மத்த விளையாட்டுகள்ல பார்த்ததுதான்.

குறையும் சொல்லணும். பெரிய குறை, இணையம். கதையில வர்ற தனித்தனிக் கணினிகள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் இருக்கு. அடுப்புக்குள்ள நெருப்பு வழிமறிக்குது, பள்ளிக்கூடத்துக்குள்ள எண் பூட்டுகள். ஆனா அவற்றுக்கு இடையில பரந்து கிடக்கிற பொது இணையம் முழுக்க ஒரே மாதிரிப் பாதை, ஒரே மாதிரி நிறம், திரும்பின பக்கமெல்லாம் ஒரே மாதிரித் திருப்பம். வரைபடம் கிடையாது. பத்தடி நடந்தா ஒரு சண்டை வந்து விழும். அது முடிஞ்சு பார்த்தா எந்தப் பக்கமிருந்து வந்தோம்ங்கிறதே மறந்துபோகும். நான் ஒரு தாள்ல கோடு போட்டு வெச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன். அந்தக் காலத்துச் சிறுவர்களும் இப்படித்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா அது வடிவமைப்போட பலவீனத்தை நியாயப்படுத்திடாது. சண்டை இவ்வளவு நல்லா இருக்கிறதாலதான் அந்தப் பாதைகளைப் பொறுத்துக்க முடியுது.

இன்னொரு குறை, ஊருக்குள்ள கதை நகர்ற வேகம். கதையில ஒரு அடி நகர்த்த யார்கிட்ட பேசணும்னு சில சமயம் தெரியறதில்ல. எல் பொத்தான் பாதி நேரம் உதவும், மீதி நேரம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டணும்.

இசை அகாரி கைடா. சண்டை மெட்டு ஒண்ணே ஒண்ணுதான் எல்லாச் சாதாரணச் சண்டைக்கும், ஆனா சலிக்கல. அந்தச் சின்ன ஒலிபெருக்கியில தெளிவா கேட்கணும்னு யோசிச்சு எழுதின மெட்டு, காதுல கூர்மையா நிற்குது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.

இது கையடக்கக் கருவிக்குன்னு பிறந்த விளையாட்டுங்கிறது எனக்கு ஒவ்வொரு நாளும் உறுதியாகுது. ஒரு சாதாரண சண்டை ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். எங்க நின்னாலும், இணையத்துக்குள்ள நடுவழியில நின்னாலும் சேமிச்சுக்கலாம். பேருந்துல போற நேரத்துல நாலு சண்டை போட்டு ஒரு சிப்போட இறங்கிடலாம். அந்தக் காலத்துல ரெண்டு கருவியைக் கம்பியால இணைச்சு நண்பனோட மோதலாம், சிப்பை மாத்திக்கலாம். இப்போ வந்த தொகுப்புல அதையே இணையம் வழியா செய்யலாம். ஜப்பான்ல இதோட புகழ் தொலைக்காட்சித் தொடராகி, தகாரா நிறுவனம் நிஜமான பெட் பொம்மையும் அதுல சொருகுற சிப்புகளும் விற்கிற அளவுக்குப் போச்சு. விளையாடிப் பார்த்தா அது ஏன்னு புரியுது. அந்தச் சிப்பைக் கையில தொட்டுப் பார்க்கணும்னு எனக்கே இருக்கு.

20 வருஷம் கழிச்சும் இந்தக் கட்டச் சண்டையை எடுத்துக்கிட்டு புதுசா விளையாட்டு செய்யுறாங்க. 2020-ல வந்த "ஒன் ஸ்டெப் ஃப்ரம் ஈடன்" இந்தத் தொடரைப் பார்த்து நேரடியா உருவானதுதான். சீட்டுக்கட்டு கட்டுற விளையாட்டுகளும் இன்னைக்கு எங்க பார்த்தாலும் இருக்கு. ஆனா கை வேகத்தையும் சீட்டுக் கணக்கையும் இந்த அளவுக்குச் சரியா கலந்ததை நான் அதிகம் பார்த்ததில்ல. யோசிக்க நேரம் கொடுக்குது, யோசிச்சதை நிறைவேத்தக் கை வேகமும் கேட்குது. ரெண்டுல ஒண்ணு மட்டும் இருக்கிறவங்களையும் கைவிடாது. வேகம் குறைவா இருந்தா ஃபோல்டரை நல்லா கட்டுங்க. கட்டத் தெரியலேன்னா தாவத் தெரிஞ்சா போதும், ஜெயிச்சுடலாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குச் சில வார்த்தை. தொடரோட ரசிகர்கள் மூணாவது பாகத்தைத்தான் உச்சத்துல வைப்பாங்க, நேரா அதுக்கே போன்னு சொல்றவங்களும் உண்டு. என் தீர்ப்பு வேற: முதல் பாகத்துல இருந்தே வாங்க. லேனையும் மெகாமேனையும் அந்த அடுப்புத் தீயில சந்திக்கணும். இங்க விதிகளும் எளிமை, சிப்போட எழுத்து எப்படி வேலை செய்யுதுங்கிறது இங்கதான் கையில ஊறும். தொகுப்புல பஸ்டர் மேக்ஸ்னு ஒரு வசதி இருக்கு, பஸ்டரோட சேதத்தை 100 மடங்காக்கும். கதையை மட்டும் பார்க்க விரும்புறவங்களுக்காக வெச்சது. முதல் தடவை அதை அணைச்சே வையுங்க. அதைப் போட்டா சிப்புக்கே வேலை இல்லாம போயிடும், சிப் இல்லேன்னா இந்த விளையாட்டே இல்ல. ஃபோல்டர்ல எழுத்துகளை மூணு நாலுக்குள்ள சுருக்குங்க. ஒரு தாளும் பேனாவும் பக்கத்துல வெச்சுக்கங்க. இதை முன்னாடியே விளையாடி முடிச்சவங்க யாராவது படிச்சீங்கன்னா உங்க ஃபோல்டர்ல எந்த 30 சிப் இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. கதையோட முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.